முன்வரிசையில் நின்றும் குரல் கேட்கவில்லை

கேள்வி: பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்து ஒரு மலையாள ராக் குழு என்றால் எனக்கு உயிர். போன மாதம் திருச்சூரில் முதல்முறையாக நேரில் பார்த்தேன். முண்டியடித்து முன்வரிசைக்கே போய்விட்டேன். ஆனால் டிரம்ஸ்தான் நெஞ்சில் இடித்தது, பாடகரின் குரல் சரியாகக் கேட்கவே இல்லை, போகப்போக இன்னும் மங்கிவிட்டது. எனக்குப் பிடித்த பாட்டை வேறு பத்து நிமிடத்துக்கு இழுத்தார்கள். கூட வந்த அக்கா மகன் ‘சூப்பர்’ என்கிறான், எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் முழுக்கக் காதில் ‘ஙொய்’ என்ற சத்தம். இப்போது போனில்கூட அந்தப் பாட்டுகளைக் கேட்கப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் பாலக்காட்டுக்கு வருகிறார்கள். போகலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மிணி, எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கேரள எல்லைக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் நீ. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போ. ஆனால் முன்வரிசைக்குப் போகாதே.

குழுவின் பெயரை எழுதியிருந்தாய். அதை இங்கே போடவில்லை, ஏனென்றால் தப்பு அவர்களுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய கச்சேரியில் குரலைச் சுமந்து வரும் ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவற்றின் முகம் கூட்டத்தின் நடுவையும் பின்பக்கத்தையும் பார்த்து இருக்கும். மேடைக்குக் கீழே நடுவில் ஒட்டி நிற்கிறவர்களின் தலைக்கு மேலே குரல் போய்விடும். அவர்களுக்கு மிஞ்சுவது டிரம்ஸின் நேரடி அடியும், தரையில் வரிசையாக வைத்த பாஸ் பெட்டிகளின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) அதிர்வும்தான். முன்பு பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அதிலிருந்தாவது கொஞ்சம் கசியும். இப்போது பல பேர் காதுக்குள்ளேயே சின்ன இயர்போனைச் செருகிக்கொள்கிறார்கள். அந்தக் கசிவும் போச்சு.

உனக்கு இது ரொம்ப வலித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2008இல் அவியல் என்ற மலையாள ராக் குழு தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோதும், 2013இல் தைக்கூடம் பிரிட்ஜ் என்ற இன்னொரு கேரளக் குழு தலையெடுத்தபோதும், சென்னைப் பிள்ளைகள் பலர் மெட்டுக்காக ரசித்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த உனக்கு மலையாளத்தில் ஒவ்வொரு வரியும் புரியும். குரல் கேட்காவிட்டால் அவர்களைவிட உனக்குத்தான் நஷ்டம் அதிகம்.

எங்கே நிற்பது? கூட்டத்துக்கு நடுவே, மேடையை நேராகப் பார்த்தபடி, மிக்சர் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். குரல் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்பதையெல்லாம் அந்த இடத்தில் தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார். அவருக்குப் பக்கத்திலோ, நாலைந்து அடி முன்னாலோ நில். முகம் சின்னதாகத் தெரியும், அது நிஜம். அதற்காக ஒரேயடியாகப் பின்னாலும் போகாதே. நென்மாறை வேலா திருவிழாவில் வெடியின் வெளிச்சம் முதலில் வந்து சத்தம் பிறகு வருகிறதே, அதே கதைதான்: நூறு மீட்டரைக் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். பெரிய திரையில் குச்சி டிரம்ஸில் விழுந்த பிறகுதான் உனக்கு அடி கேட்கும்.

பாட்டை இழுத்தார்கள் என்கிறாய். இதில் நான் உன் கட்சி இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் பஞ்சாரி மேளம் என்ற செண்டை மேளம் கேட்டிருப்பாய். மெதுவாகப் போகும் முதல் கட்டத்தில், அதாவது முதல் காலத்தில், ஒரு தாளச் சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அது 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஐந்தாம் காலத்தில் 6 ஆகிறது. அந்த 6-இல் எல்லோரும் கையைத் தூக்கி வீசுகிறோமே, முன்னால் அவ்வளவு நேரம் 96-இல் பொறுமையாக நின்றதால்தான் அது அப்படி ஏறுகிறது. நேராக ஐந்தாம் காலத்தை மட்டும் வாசி என்று யாராவது மேளக்காரரிடம் கேட்பார்களா? உன் போனில் இருக்கும் நான்கு நிமிடப் பதிவு அந்த ஐந்தாம் காலம் மாதிரி. அடுத்த முறை, இழுக்க ஆரம்பித்ததும் மனதுக்குள் பழைய பதிவை ஓட்டி ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, டிரம்ஸ் அடிப்பவரை மட்டும் பார். எப்போது வேகம் மாறப்போகிறது என்று அவர் தோள் முதலில் சொல்லிவிடும்.

(சில குழுக்கள் ஸ்டூடியோவில் மட்டும்தான் நன்றாக இருக்கும், அதுவும் உண்மை. இரண்டாம் முறையும் ஒன்றும் நடக்காவிட்டால், இவர்கள் அந்த ரகம் என்று வைத்துக்கொள்.)

காது விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். 100 டெசிபல் சத்தத்தில் காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் 15 நிமிடம்தான் இருக்கலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் வகுத்த அளவு. நீ பாஸ் பெட்டியை ஒட்டி எவ்வளவு நேரம் நின்றாய் என்று யோசி. போகப்போகக் குரல் மங்கியதற்கு உன் காது களைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மருந்துக் கடையில் நுரை இயர்பிளக் கிடைக்கும், வாங்கிக்கொள். பஞ்சு வைத்தால் போதாது. அந்த ‘ஙொய்’ இன்னும் இருக்கிறது என்றால் முதலில் காது டாக்டர், அப்புறம்தான் டிக்கெட்.

அதுவரை அந்தப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்து உன்னைச் சோதித்துக்கொண்டிருக்காதே. ஒரு மாதம் சும்மா விடு.

அக்கா மகனையும் கூட்டிப் போ. அவன் காதுக்கும் இயர்பிளக் மாட்டிவிடு. முன்வரிசைக்கு ஓட வேண்டும் என்றால் அவன் ஓடட்டும், நீ மிக்சர் மேசைப் பக்கம் நில். முடிந்ததும் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள், அந்தக் கூட்டத்தில் போன் கிடைப்பது சந்தேகம். கொழிஞ்சாம்பாறைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் போகும்போதே விசாரித்துவிடு.