எனக்குப் பிடித்தது ஐசிங் பூசாத பட்டர் கேக்

உங்களுக்கு மிகவும் பிடித்த கேக் எது, அது ஏன் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது பட்டர் கேக். மேலே ஐசிங் பூசாத, உள்ளே ஜாமோ கிறீமோ வைக்காத, பட்டரும் சீனியும் முட்டையும் கோதுமை மாவும் சம எடையில் சேர்ந்த, வனிலாவைத் தவிர வேறு வாசனை எதுவும் ஏற்றாத வெறும் பட்டர் கேக். யாழ்ப்பாணத்தில் பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாண எழுத்து என்று எந்த நல்ல காரியத்தை எடுத்தாலும், பயற்றம் பணியாரத்துக்கும் கதலி வாழைப்பழத்துக்கும் பக்கத்தில் இரண்டு விரல் அகலத் துண்டாக இது தட்டில் இருக்கும். எங்கும் கிடைப்பதனாலேயே பலர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் செய்தவரின் கைத்திறனை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கேக் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். சொக்லேற் கேக்கில் மாஜரினின் வாடையைக் கொக்கோ மறைத்துவிடும். பழக் கேக்கில் காய்ந்துபோன பகுதியைப் பாகில் ஊறிய பழங்கள் காப்பாற்றிவிடும். பட்டர் கேக்கில் பட்டர் குறைந்தாலும், முட்டை பழசானாலும், அடித்த கை அவசரப்பட்டாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சமையல் கொப்பியில் அளவுகள் இன்னும் றாத்தலில்தான் இருக்கின்றன. ஒரு றாத்தல் என்பது 454 கிராம். ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா, முட்டை ஒன்பது அல்லது பத்து. ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம் நிறை கொண்டது என்பதால், ஒன்பது முட்டை சேர்ந்தால் ஒரு றாத்தல் கணக்குச் சரியாக வந்துவிடும். ஊர்க்கோழி முட்டை சிறியது, அதற்குக் கூடுதலாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சமையல் நூல்களில் அச்சேறிய பவுண்ட் கேக்கின் கணக்கும் இதுவே. கிலோ நடைமுறைக்கு வந்தபின் பலர் எல்லாவற்றையும் 500 கிராம் ஆக்கிக்கொண்டனர். விகிதம் மாறாததால் கேக்கும் மாறவில்லை.

இந்தக் கேக்கின் உயிர் பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிப்பதில் இருக்கிறது. சீனியின் கூரிய மணிகள் பட்டரைக் கீறிக்கொண்டு போகும்போது, கண்ணுக்குத் தெரியாத சிறு காற்றறைகள் அதற்குள் உண்டாகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் காற்றறைகளை உண்டாக்குவதில்லை. அடித்தபோது அகப்பட்ட அறைகளை அடுப்பின் சூட்டில் பெருக்க வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஆகவே அடிப்பதில் குறைவைத்துவிட்டுப் பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போடுகிறவர்களுக்குக் கேக் நடுவில் எழும்பிப் பின் அமர்ந்துபோகும், நாக்கில் ஒரு கைப்பும் நிற்கும். எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டர் காற்றை நன்றாகப் பிடித்துவைத்திருப்பது ஏறக்குறைய 20 பாகை வெப்பத்தில். யாழ்ப்பாணத்தில் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 30 பாகையைத் தொட்டு நிற்கும். மத்தியானத்தில் கேக் அடிக்கத் தொடங்கினால் பட்டர் எண்ணெயாக உருகி, எவ்வளவு அடித்தாலும் பொங்காது. கேக் அடிக்கிற அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் விடியமுன் எழும்புவதற்கும், பாதி பட்டரும் பாதி மாஜரினுமாகச் சேர்க்கும் வழக்கம் இங்கே ஊன்றியதற்கும் இதுவே காரணமென்று நினைக்கிறேன். மாஜரின் விலை குறைந்தது என்பது உண்மை. அதோடு அது வெக்கையிலும் சற்று இறுக்கமாக நிற்கும். சுவையில் அது பட்டருக்கு ஈடாகாது, ஆனாலும் அந்தக் கலவையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா கேக் அடிப்பது வாயகன்ற மண்சட்டியில், மர அகப்பையால். சீனியை முதலிலேயே அரைத்து, அரிதட்டில் அரித்துத்தான் போடுவார், ஏனென்றால் கடைச்சீனியின் மணி பெரிது. அகப்பை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதற்கு விஞ்ஞானக் காரணம் ஏதுமில்லை என்று எனக்குத் தெரியும், ஆயினும் இன்றுவரை நானும் ஒரே பக்கமாகவே சுற்றுகிறேன். மஞ்சளாக இருந்த பட்டர் மெல்ல மெல்ல வெளிறி, ஓரங்களில் நுரைத்து, அகப்பையைத் தூக்கினால் விழாமல் நுனியில் மேடாக நிற்கும் நிலைக்கு வரும்போது, அவர் ஒரு பொட்டு எடுத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். “சீனி இன்னும் கரையேல்லை பிள்ளை, இன்னும் கொஞ்சம் அடி” என்பார். விரலில் நறநறப்பு அநேகமாக அடங்கும்வரை அவர் முட்டையைத் தொடவே விடமாட்டார். இப்போது மின்சார பீற்றர் உள்ள வீடுகளில்கூட அந்த விரற்சோதனையை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். பீற்றர் ஓடிய நிமிடங்களைவிட அது நம்பகமானது.

முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, முதலாவது முழுவதும் கலந்தபின்பே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் பட்டர் இறுகிக் கலவை திரிந்துவிடும். திரிந்தால் பயப்படாமல் ஒரு கரண்டி மாவைத் தூவி அடிக்கலாம். மாவைப் பேக்கிங் பவுடரோடு சேர்த்து அரித்து, இரண்டு மூன்று தடவையாகப் போட்டு, அடிக்காமல் கீழிருந்து மேலாக மடித்துக் கலக்க வேண்டும். கோதுமை மா ஈரத்தோடு சேர்ந்து அதிகம் பிசையப்பட்டால் அதில் இழுவை ஏறிவிடும்; பாணுக்கு வேண்டிய அந்த இழுவை கேக்குக்கு ஆகாது. சிலர் இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குறைத்து அதற்குப் பதில் சோள மாவைச் சேர்ப்பார்கள். அது நல்ல பழக்கம்.

சுடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் உண்ட மிகச் சிறந்த பட்டர் கேக்குகள் எல்லாம் பாண் பேக்கரியின் போறணையில், அதாவது பாண் சுடும் செங்கல் அடுப்பில், வெந்தவை. வீட்டில் அவண் இல்லாதவர்கள் கலவையைத் தட்டில் ஊற்றி, பழைய துணியால் மூடி, சைக்கிள் கரியரில் வைத்து ஒழுங்கையின் பள்ளம் மேடு பார்த்துத் தள்ளிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். சிறு தொகை வாங்கிக்கொண்டு பேக்கரிக்காரர் அதைச் சுட்டுத் தருவார். விறகுப் போறணையில் முதலில் உள்ளேயே விறகை எரித்துச் செங்கல்லைச் சூடாக்கி, தணலை வாரி எடுத்து, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் பாணை இறக்குவார்கள். பாணுக்கு 220 பாகைக்கு மேல் வேண்டும். கேக்குக்கு 160 முதல் 180 வரை போதும். ஆகையால் கேக்கின் முறை எப்போதும் பாண் வெளியே வந்த பிறகே வரும். நெருப்பு இல்லாத, செங்கல் தனக்குள் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் அந்த ஆறுகிற சூட்டில், மேற்புறம் கருகாமலும் நடுப்பகுதி பச்சையாக நிற்காமலும் கேக் ஒரே சீராக வேகும். வெப்பமானி இல்லாமலே, ஒரு சிட்டிகை மாவைப் போறணைத் தரையில் தூவி, அது நிறம் மாறும் வேகத்தைப் பார்த்து நேரம் சொல்லும் பேக்கரிக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். இப்போது பல இடங்களில் மின்சார அவணும் டீசல் அவணும் வந்துவிட்டன. விறகுப் போறணை உள்ள இடமாகத் தேடிப் போகும் வழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போய், மண்ணெண்ணெயும் சீனியும் எட்டாத விலைக்கு ஏறியிருந்த ஆண்டுகளிலும் இங்கே கேக் சுடுவது நின்றுவிடவில்லை. பெரிய அலுமினியப் பானையின் அடியில் ஆற்றுமணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைக் கரித் தணலைப் போட்டு, கீழேயும் மேலேயும் சூடு கொடுத்துச் சுட்டார்கள். மணல் சூட்டைப் பரவலாக்குவதால் அடி பிடிக்காது. அளவைக் கால் றாத்தலாகக் குறைத்து, முட்டையைக் குறைத்து, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வந்தே தீர வேண்டும் என்று செய்த தாய்மாரின் வைராக்கியத்தை நினைக்கும்போது, கேக்கை வெறும் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

பட்டர் கேக்குக்கு அடுத்ததாக நான் வைப்பது லவ் கேக்கை. போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தக் கேக்கில் மா கிடையாது. ரவையும், பொடியாக வெட்டிய கஜுவும், பூசணி அல்வாவும், ஏராளமான முட்டை மஞ்சட்கருவும், தேனும், பன்னீரும், ஏலம், சாதிக்காய், கறுவாவும் சேரும். வெள்ளைக்கருவில் ஒரு பகுதியைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் கலப்பார்கள். தட்டின் அடியில் பத்திரிகைத் தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் போட்டு, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட வேண்டும். இல்லாவிட்டால் தேனும் சீனியும் அடியில் கருகிவிடும். மேலே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே ஈரமான குழைவுமாக வந்தால் அது சரியான லவ் கேக். நத்தார் காலத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து அயலுக்கு வரும் தட்டுகளில் இதை எதிர்பார்த்திருப்பேன். ரிச் கேக்கும் அதே தட்டில் வரும். பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சிப் பாகு என்பவற்றை வெட்டிப் பிராந்தியில் வாரக்கணக்காக ஊறவைத்துச் செய்யும் அந்தக் கேக்கை, சிறு துண்டுகளாக வெட்டி மினுங்கு தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அதன் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் ஒரு துண்டுக்கு மேல் என்னால் உண்ண முடியாது.

ரிபன் கேக் என்பது பட்டர் கேக்குக்கே இளஞ்சிவப்பும் பச்சையும் நிறமூட்டி அடுக்கியது, பிள்ளைகளுக்காக வாங்கலாம். இப்போது படம் அச்சிட்டு, கட்டியான ஐசிங்கால் கோபுரம் எழுப்பி விற்கும் கேக்குகள் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன. செலவின் பெரும்பகுதி வெளிப்பூச்சுக்கே போய், உள்ளே இருப்பது உலர்ந்துபோன ஒரு பஞ்சுத் துண்டாக இருக்கிறது. விருந்தினரும் ஐசிங்கைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். அதைவிடப் பின்னேரத் தேநீருக்குப் பேக்கரியில் வாங்கும், மேலே சீனி ஒட்டிய நீளமான கிம்புலா பணிஸ் எவ்வளவோ மேல். முதலை உருவத்தில் சுருட்டிச் சுட்ட அந்தப் பணிசை, மேலோடு உடையும் சத்தம் கேட்க, சூட்டோடு பிய்த்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மறுநாள் அது இறுகிவிடும்.

முட்டை சேர்க்காத வீட்டார் கேட்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் இங்கே பல வீடுகளில் மீன், இறைச்சி என்ற மச்சமும் முட்டையும் அடுப்படிக்கு வராது. அந்த நாட்களில் பிறந்தநாள் வந்தால் ரின்பாலில், அதாவது தகரப் பேணியில் வரும் இனிப்பூட்டிய கட்டிப்பாலில், கேக் செய்வார்கள். முட்டை தரும் பிடிப்பையும் ஈரத்தையும் ரின்பாலின் கொழுப்பும் சீனியும் ஓரளவு ஈடுசெய்யும். அப்பச்சோடாவோடு சிறிது வினாகிரியோ தயிரோ சேரும்போது வெளிவரும் வாயு கேக்கை எழுப்பும். அந்த வாயு கலந்தவுடனேயே வெளியேறத் தொடங்குவதால், அவண் சூடான பிறகுதான் புளிப்பைச் சேர்க்க வேண்டும். பட்டர் கேக்கின் நெய்ப்பு அதில் வராது, ஆனால் ஏலக்காய் சேர்த்துச் செய்தால் தனக்கென ஒரு நல்ல சுவை இருக்கும்.

நீங்கள் யாழ்ப்பாணம் வந்து பட்டர் கேக் வாங்குவதாக இருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் நாட்கணக்காக இருப்பதைத் தவிர்த்து, முதல்நாளே சொல்லிவைத்து வாங்குங்கள். பட்டர் மட்டும் போட்டதா, மாஜரின் கலந்ததா என்று கேளுங்கள்; நேர்மையான கடைக்காரர் இரண்டுக்கும் வெவ்வேறு விலை சொல்வார். வாங்கிய அன்றே வெட்டாமல் ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் காலையில் வெட்டினால் துண்டு உதிராது, பட்டரின் மணமும் நன்றாக ஏறியிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். பட்டர் இறுகிக் கேக் கட்டியாகிவிடும். காற்றுப் புகாத தகரப் பேணியில் போட்டு, எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டில் வைத்தால் நான்கைந்து நாளுக்குக் கெடாது.