கடைசி லீக் ஆட்டத்தில் தோற்ற அணி பிளேஆஃபில் தேறுமா?

கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றுவிட்டு பிளேஆஃபுக்குள் (தோற்றால் வெளியேறும் இறுதிச் சுற்றுகள்) போகும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிக்கு வாய்ப்பு மங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோல்வியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எப்படித் தோற்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

2007 சீசனின் நியூயார்க் ஜயன்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதி. கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தாலும் அவர்கள் நிலை மாறாது. எதிரில், அதுவரை ஆடிய 15 ஆட்டங்களையும் வென்ற நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். பயிற்சியாளர் டாம் காஃப்லின் முக்கிய வீரர்களை உட்கார வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஈலை மேனிங் 4 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) வீசினார். மூன்றாவது கால்பகுதியில் 28-16 என்று முன்னிலை வேறு! அப்புறம் பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி தூக்கி வீசிய பந்தைப் பிடித்து ராண்டி மாஸ் 65 கெஜ டச்டவுன் போட, ஆட்டம் கைமாறி 38-35 என பேட்ரியாட்ஸ் பக்கம் முடிந்தது. ஜயன்ட்ஸின் தடுப்பு வரிசை நடுவில் நிற்கும் சென்டர் ஷான் ஓஹாரா காயப்பட்டார். அது சின்ன இழப்பல்ல. ஆனாலும் டாம்பா, டல்லஸ், கிரீன் பே என மூன்று வெளியூர் ஆட்டங்களை வென்று, 2008 பிப்ரவரி 3 அன்று இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அதே பேட்ரியாட்ஸை 17-14 என வீழ்த்தினார்கள். மோதிப் பார்த்த தெம்பு அது என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. 2009 சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸ் கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜெட்ஸிடம் 37-0 எனச் சுருண்டது. அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் அதே ஜெட்ஸிடம் 24-14 எனத் தோற்று வெளியேறியது. அதே சீசனில் சூப்பர் பவுல் வென்ற நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸோ, கடைசி மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்ற அணி.

என்னைக் கேட்டால், ஸ்கோரை விடுங்கள். உங்கள் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வரிசை காயமில்லாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.