மருந்து உருவாக்கத்தில் எடுக்கும் முடிவுகளின் தரத்தை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: நோயாளிகளிடம் நடத்தும் இரண்டாம் கட்ட ஆய்வில் நன்றாக வந்த மருந்தை, இன்னும் பெரிய மூன்றாம் கட்ட ஆய்வுக்கு அனுப்பினோம். தோற்றது. அப்போது முடிவே தவறுதானே?

பதில்: இல்லை. முடிவெடுத்த அன்று கையில் என்ன தரவு இருந்தது, அதை எப்படி எடைபோட்டீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்று சரியாகவே கணித்தாலும் பத்துக்கு நான்கு தோற்கும். ஜெயித்தவற்றையும் இதே கண்ணால் பாருங்கள். குருட்டாம்போக்கில் பலித்த முடிவை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அடுத்த பெரிய நஷ்டம் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: அளக்கக் கருவி ஏதும் உண்டா?

பதில்: க்யூடோஸ் (QoDoS) என்ற வினாப்பட்டியல் இதற்கென்றே உருவானது. மொத்தம் 47 கூற்றுகள். ஏறக்குறைய பாதிக் கூற்றுகள் நிறுவனத்தின் அணுகுமுறை, பண்பாடு பற்றியவை. மீதி தனிநபரின் திறன், பாணி பற்றியவை. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். பெயர் கேட்காமல் நிரப்பச் சொல்லுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே கூற்றுக்குத் தலைமை ‘எப்போதும்’ என்றும் மதிப்பாய்வாளர்கள் ‘சில நேரம்’ என்றும் குறித்திருந்தால், கோளாறு அந்த இடைவெளியில் இருக்கிறது.

கேள்வி: முடிவெடுக்கும் கூட்டத்தில் எங்கே முதலில் ஓட்டை விழும்?

பதில்: அளவுகோல்களுக்கு எடை கொடுப்பதில். தரவைப் பார்த்த பிறகு எடை கொடுத்தால், பிடித்த மருந்துக்குச் சாதகமாகத்தான் வரும். ஆகவே விளக்கக்காட்சிக்கு முன்பே, மருந்தின் செயல்திறன், பாதுகாப்பு, மாற்று மருந்துகள், உற்பத்தி ஆகியவற்றுக்கு 100 புள்ளிகளை அவரவர் தனித்தனியே பிரித்து எழுதித் தரட்டும். மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்களின் கருத்து அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்த ஓட்டை மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு. ‘விவாதித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்து எதையும் மதிப்பிட முடியாது. ஒதுக்கிய மாற்று வழிகள், ஒதுக்கிய காரணம், மறுத்தவரின் வாதம், எந்தத் தகவல் வந்தால் முடிவை மாற்றுவோம், மறுபரிசீலனைத் தேதி: இவை கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கணிப்புகள் நம்பத்தக்கவையா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: கணிப்பு விளைவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் பிரையர் மதிப்பெண்ணை வைத்து. வென்றால் 1, தோற்றால் 0. கணிப்புக்கும் விளைவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 0.7 என்று சொல்லி வென்றால் 0.09, தோற்றால் 0.49. சராசரி குறையக் குறைய நல்லது. எப்போதும் 0.5 சொல்பவருக்கே 0.25 வரும், அதைத் தாண்டினால் உங்கள் கணிப்பைவிட எப்போதும் 0.5 என்று சொல்வதே மேல். நாலைந்து முடிவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: கட்டாயம். அல்சைமருக்கான அடுகானுமாப் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2020-இல், அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு அதை ஆதரிக்கவில்லை. ஆனாலும் மூளையில் அமிலாய்டு என்ற புரதப் படிவு குறைவதை அடிப்படையாக வைத்து ஜூன் 2021-இல் எஃப்டிஏ துரித ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு மறுக்கப் பரிந்துரைத்தது. படிவு குறைந்தால் நோயாளிக்குப் பலன் கிடைக்குமா என்ற நிச்சயமின்மையை இரு தரப்பும் வேறுவேறாக எடைபோட்டன. காரணங்கள் எழுத்தில் வெளிவந்ததால்தான் நம்மால் அதை ஆராய முடிகிறது.

கேள்வி: ஆறு பேர் குழுவுக்கு இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மருந்துத் தர ஆபத்தைக் கையாள்வது பற்றிய சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் க்யூ9-இன் 2023 திருத்தமும், நடைமுறை எவ்வளவு முறைப்படி இருக்க வேண்டும் என்பதை ஆபத்துக்கும் சிக்கலுக்கும் ஏற்ப வைக்கச் சொல்கிறது. சாதாரண முடிவுக்கு ஒரு பக்கம் போதும். மனிதர்மேல் முதல் டோஸ் கொடுக்கும் முடிவுக்கு மட்டும் எதையும் சுருக்காதீர்கள்.