மூக்கு நிழல் எங்கே விழுகிறது? – கேமரா கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், 1930-களின் ஹாலிவுட் நட்சத்திரங்களுடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கும் அந்த வெளிச்சத்தை இன்றைய எல்இடி லைட்டை வைத்தே கொண்டுவந்துவிடலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம வேலூர்ப் பக்கத்திலிருந்துதான். அதனால் இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம்.

கேள்வி: என்னிடம் இரண்டு பெரிய சாஃப்ட் பாக்ஸ் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கையை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் லைட் வைத்து எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? – ஸ்டூடியோ வைத்திருப்பவர், குடியாத்தம்

பதில்: சாஃப்ட் பாக்ஸிலேதான். வெள்ளைத் துணி வழியாக வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் பெட்டி அது. அந்தக் காலத்துப் படங்களில் தோல் வழவழவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு வெளிச்சமும் மென்மையாக இருந்திருக்கும் என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வெளிச்சம் கடுமையானது. சின்ன முகம் உள்ள டங்ஸ்டன் லைட், அதற்கு முன்னால் வட்ட வட்டமாக வரிவிழுந்த ஃப்ரெனெல் கண்ணாடி. 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காக ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த அதே கண்ணாடிதான். உள்ளே இருக்கும் பல்பை முன்னே தள்ளினால் வெளிச்சம் விரியும், பின்னே இழுத்தால் குவியும். குவிந்த வெளிச்சத்தின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகத் தானாகவே மங்கும். முகம் ஜொலித்து, கழுத்து கொஞ்சம் மங்கி, தோள் இருட்டில் கரைகிறதே, அது இப்படி வருவதுதான். பின்னால் கம்ப்யூட்டரில் ஓரத்தைக் கறுப்பாக்கினால் அந்த இறக்கம் கிடைப்பதில்லை.

அப்புறம் அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்றால், பென்சிலிலிருந்து! எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்த ஜார்ஜ் ஹரெல், நடிகை ஜோன் க்ராஃபோர்டை முகப்பூச்சு இல்லாமல், மச்சப்புள்ளிகள் அப்படியே தெரிய உட்காரவைத்து எடுத்திருக்கிறார். 8-க்கு 10 அங்குல நெகட்டிவ், அதாவது ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. அதன்மேல் டச்சிங் ஆள் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகப் பென்சிலால் அடைப்பார். நம்ம ஊர் ஸ்டூடியோக்களிலும் இந்த டச்சிங் இருந்தது. நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஜன்னலோரம் சாய்வாக ஒரு மேஜை, நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை, அதில் நெகட்டிவைச் செருகிப் பின்னால் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுவார்கள். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கமா கமாவாகப் போட்டுக்கொண்டே போவார் எங்கள் மாஸ்டர். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். அந்த இடத்தில் நெகட்டிவ் அடர்த்தியானால் பிரிண்டில் அந்தக் கறுப்பு வெளுக்கும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஆனால் தோலின் நுண்துளை அப்படியே இருக்கும். இன்றைக்கு ஆப்பில் ஒரே இழுப்பில் முகத்தை மெழுகாக்குகிறோமே, அது வேறு, இது வேறு. கம்ப்யூட்டரில் செய்வதானால் டாட்ஜ் (வெளுக்க வைப்பது), பர்ன் (கறுக்க வைப்பது) இரண்டையும் சின்ன பிரஷ்ஷில், ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாமல், பொறுமையாகச் செய்யுங்கள்.

சரி, உங்கள் தங்கையை மறுபடியும் உட்காரவையுங்கள். ஒரே ஒரு லைட். சாஃப்ட் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஃப்ரெனெல் மாட்டுங்கள், இல்லையென்றால் தேன்கூடு கிரிட் (வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் வலை) போட்ட ரிஃப்ளெக்டர் கிண்ணம் போதும். கேமராவுக்கு நேர் மேலே, முகத்திலிருந்து ஆறடி தூரத்தில், அவர் தலைக்கு இரண்டு இரண்டரை அடி உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்துவிட்டு மூக்குக்குக் கீழே பாருங்கள். வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு குட்டி நிழல் விழும். அது மேலுதட்டைத் தொடக்கூடாது. தொட்டால் லைட்டை இறக்குங்கள், நிழலே இல்லையென்றால் ஏற்றுங்கள். இதைத்தான் பாரமவுண்ட் லைட்டிங் என்பார்கள், நடிகை மார்லின் டீட்ரிக் முகத்தில் பார்க்கிறோமே அது. கன்னத்து எலும்புக்குக் கீழே தானாக ஒரு குழி விழும், அந்தக் குழிதான் அழகே. இரண்டாவது சாஃப்ட் பாக்ஸை அணைத்தே வையுங்கள். நிழல் ரொம்பக் கறுத்தால் மடிமேல் ஒரு தெர்மாகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். கேமரா இருக்கிறது, 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது. ஒரே ஒரு லைட் வாங்கத்தான் காசு சேரும். எதை வாங்கலாம்? – காட்பாடி

பதில்: தம்பி, சிஓபி எல்இடி லைட் (வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வருவது), 60 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குள், முன்னால் போவன்ஸ் மவுண்ட் (துணைச் சாமான்களை மாட்டும் வளையம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த மவுண்ட் இருந்தால் ஃப்ரெனெல், கிரிட், பார்ன் டோர் (வெளிச்சத்தை ஓரத்தில் மறைக்கும் கதவுகள்) எல்லாம் பிறகு காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம். தட்டையாக நூறு பல்பு பதித்த பேனல் லைட் மட்டும் வேண்டாம், அதில் நிழலுக்குக் கூர்மை வராது. பார்ன் டோர் இல்லாத வரை கறுப்பு சார்ட் பேப்பரைக் கட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் தடுப்பு) மாதிரி லைட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, நெற்றிக்கு மேலும் தோளுக்குக் கீழும் வெளிச்சத்தை வெட்டுங்கள். லைட்டிலேயே ஒட்டிவிடாதீர்கள், சூடாகும்.

விலை குறைந்த எல்இடி நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு ஏற்பத் துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100-ல் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எஃப் 4, ஐஎஸ்ஓ 400-ல் தொடங்கி உங்கள் லைட்டுக்குத் தகுந்த மாதிரி ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். லைட்டை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: நான் கறுப்பு. எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் என்னைக் கேட்காமலே வெள்ளையாக்கித்தான் தருகிறார்கள், எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பது யாரென்றே எனக்குத் தெரியவில்லை. இந்த ஹாலிவுட் வெளிச்சமெல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்குத்தானே, எனக்கு எடுபடுமா? – ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருவர் முகத்தை அவரைக் கேட்காமல் மாற்றித் தருவது தப்பு, அதை அழகு என்ற பேரில் செய்வது இன்னும் பெரிய தப்பு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வெளிச்சம் உங்களுக்குத்தான் ரொம்ப நன்றாக எடுபடும். காரணம் இருக்கிறது. வெளுத்த தோலில் தோலின் நிறமே வெளிச்சத்தில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடும், மினுமினுப்பு அதில் கரைந்து காணாமல் போகும். கறுத்த தோலில் அந்த மினுமினுப்பு தனியாகத் தெரியும். நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கன்னத்து மேடு, மோவாய், இந்த நாலு இடத்திலும் லைட் ஒரு கோடு போட்ட மாதிரி விழுந்து முகத்தின் வடிவத்தை வரைந்து காட்டும். கோயில் மூலவருக்கு எண்ணெய்க்காப்பு சாத்தியபின் கற்பூரம் காட்டும்போது பார்த்திருப்பீர்களே, கருங்கல்லில் மூக்கும் உதடும் அப்படியே உயிரோடு எழுந்து வரும். அதே கணக்குதான்.

அதனால் பவுடர் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முகம் கழுவித் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக் கன்னத்து மேட்டில் மட்டும் லேசாக ஒற்றிக்கொள்ளுங்கள். எடுப்பவர் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை, கூட்டினால் தடுத்துவிடுங்கள், அந்த மினுமினுப்பு வெறும் வெள்ளையாகிவிடாத அளவுக்குத்தான் வைக்க வேண்டும், மிச்சம் தோல் அதன் நிறத்திலேயே இருக்கட்டும். பின்னணிதான் முக்கியம். கறுப்புத் திரைக்கு முன்னால் கறுத்த கூந்தல் கரைந்துவிடும். சாம்பல் நிறச் சுவர் முன்னால் உட்கார்ந்து, பின்பக்கம் மேலேயிருந்து ஒரு சின்ன பேக் லைட் போட்டால் எண்ணெய் தேய்த்து வாரின தலையில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு விளிம்பு ஓடும். மேலே தொங்கும் அந்த லைட்டுக்காகத்தான் ஹரெல், சினிமாவில் மைக் தொங்கவிடும் பூமை லைட் தொங்கவிடப் பயன்படுத்தினார்.

ஒரு விஷயத்தை மட்டும் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மல்லிகை வைத்திருந்தால் பேக் லைட் முதலில் பூவில்தான் படும், அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பூ இருக்கும் பக்கத்துக்கு ஒரு கட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஆரணிப் பட்டு கட்டினால் சரிகைக்கும் இதேதான்.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது அம்மாவின் குங்குமப் பொட்டு காணாமல் போய்விட்டது! பழைய படங்களில் பொட்டு கன்னங்கரேலென்று இருக்கிறதே? – வாலாஜாபேட்டை

பதில்: மாற்றும் சாஃப்ட்வேரில் சிவப்பு நிறத்தை வெளுக்க வைக்கும் சிவப்பு ஸ்லைடரை ஏற்றியிருப்பீர்கள். தோலை வெளிச்சமாக்க எல்லாரும் முதலில் செய்வது அதுதான். பழைய ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் குங்குமமும் வெற்றிலை போட்ட உதடும் அதில் கறுப்பாக விழும். 1930 வாக்கில் ஹாலிவுட்டில் எல்லா நிறமும் தெரியும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் வந்துவிட்டது, அதில் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் உதட்டுச் சாயத்தை அடர்த்தியாகப் பூசிச் சரிக்கட்டிக்கொண்டார்கள். நீங்கள் ரா ஃபைலில் (கேமரா எதையும் மாற்றாமல் சேமிக்கும் படம்) கலராகவே எடுத்துக்கொண்டு, மாற்றும்போது ஆரஞ்சு ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், சிவப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். நம் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் இருக்கிறது, குங்குமமும் உதடும் சிவப்பில். இரண்டும் பிரிந்துவிடும். சிவப்பை ரொம்ப இறக்கினால் பரு, கண்ணோரச் சிவப்பு எல்லாம் கறுத்துக்கொண்டு வெளியே வரும், பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: மாமா ஒருவரிடம் பழைய 1000 வாட் பேபி லைட் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா? – ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக. அதுதான் அசல் சாமான், உள்ளே ஃப்ரெனெல் கண்ணாடிதான் இருக்கும். ஒயரை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கேமராவில் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் மூடிய அறைக்குள் அதைப் போட்டால் உட்காருகிறவர் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடுவார். விடியற்காலையில் எடுங்கள், அல்லது மார்கழி வரை பொறுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கும் இந்த மூக்கடி நிழல்தானா? – திருப்பத்தூர்

பதில்: வைக்கலாம், ஆனால் லைட்டைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்குத் தள்ளிப் பாருங்கள். இருட்டுப் பக்கத்துக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு வெளிச்சம் விழும். மீசைக்கும் தாடிக்கும் அது நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: பழகிப் பார்க்க ஆசை. ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்து தர வீட்டில் யாரும் தயாராக இல்லை. எப்படிப் பழகுவது? – ஆம்பூர்

பதில்: இதற்குப் பதில் ஹாலிவுட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவர் எப்போதோ செய்து காட்டிவிட்டார். எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு 1935-ல் இங்கே வந்தவர், தமிழ் தெரியாமலே 1950 வரை தமிழ்ப் படம் எடுத்தவர். 1945-ல் வந்த ‘மீரா’வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டரில் செய்துவைத்துக்கொண்டு, அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அந்தப் பொம்மைக்கு மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் லைட் போட்டுப் போட்டுப் பார்த்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் அந்த முகத்துக்குப் பொருந்துகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் குளோசப்புகளை இன்றைக்குப் பார்த்தாலும் அந்த உழைப்பு தெரிகிறது.

நீங்களும் கொலு பொம்மையில் முகம் பெரிதாக இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பளபள வார்னிஷ் இல்லாததாகப் பார்த்து. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். டார்ச்சின் பல்பு சின்னது, நிழல் கூர்மையாக விழும், ஃப்ரெனெல் எப்படி நடந்துகொள்ளுமோ கிட்டத்தட்ட அப்படியே நடந்துகொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் மூக்கு நிழல் எங்கே போகிறது, கண்குழிக்குள் வெளிச்சம் போகிறதா, கழுத்து மறைகிறதா என்று ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு ஒரு நாள் காலையிலும், இன்னொரு நாள் உச்சிப்பொழுதிலும் போங்கள். கேமரா வேண்டாம், கண் போதும். தூணில் பாயும் யாளியும் குதிரைவீரனும் வெயில் சாய்வாக வரும்போது எப்படித் திரண்டு நிற்கின்றன, உச்சிப்பொழுதில் அதே சிற்பம் எப்படித் தட்டையாகிவிடுகிறது என்று ஒரே தூண் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து அந்தப் பொம்மைக்கு அதே சாய்வில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்து, வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் அதை வைத்தே மேற்கொண்டு பேசலாம்.