கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி கிருமிக்கு எதிரான தடுப்பூசியைச் சில நாட்டவர் ஏற்கிறார்கள், சில நாட்டவர் அஞ்சுகிறார்கள். விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா?

விழிப்புணர்வு பாதிக் காரணம்கூட இல்லை. ருவாண்டா 2011-இல் பள்ளிகள் வழியாகத் தொடங்கி, முதல் ஆண்டிலேயே 93 சதவீதச் சிறுமிகளுக்கு மூன்று டோஸும் போட்டு முடித்தது. பள்ளிக்கு வராதவர்களை ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் தேடிப் பிடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அரிதான ஜப்பானிலோ இதே ஊசியைப் போட்டுக்கொள்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனார்கள்.

ஜப்பானில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை ஒட்டியே, ஊசிக்குப் பின் தீராத வலி, கைகால் நடுக்கம் என்று சில சிறுமிகளைப் பற்றிய செய்திகள் பெருகின. ஜூனில் அரசு இரண்டுங்கெட்டானாக ஒரு முடிவெடுத்தது: தடை கிடையாது, ஊசி இலவசம்தான், ஆனால் போட்டுக்கொள்ளச் சொல்லி அரசே பரிந்துரைப்பது நிறுத்தப்படும். வெளிப்படையான தடையைவிட இது மோசம். அரசே பின்வாங்கினால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? 1994 முதல் 1999 வரை பிறந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் போட்டிருந்தார்கள்; அடுத்து வந்தவர்களில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. நாகோயாவில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்ட ஆய்வில், அவற்றுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் பரிந்துரை திரும்பி வர 2022 ஏப்ரல் ஆனது.

டென்மார்க்கிலும் இப்படித்தான் தொடங்கியது. 2015-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபின், ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிகள் 90 சதவீதம் அளவில் இருந்தது 40-க்கும் கீழே சரிந்தது. ஆனால் அங்கே அரசு பரிந்துரையைக் கைவிடவில்லை. 2017-இல் சுகாதாரத் துறை, புற்றுநோய்ச் சங்கம், மருத்துவர் சங்கம் மூன்றும் சேர்ந்து, தயங்கிய தாய்மார்களைக் குறிவைத்துப் பிரசாரம் செய்தன. ஃபேஸ்புக்கில் வந்த கேள்விகளுக்கு ஆள் வைத்துப் பதில் சொன்னார்கள். எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

நம் பக்கம் வந்தால், 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடும் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்ததும் 2010-இல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஆந்திரத்தில் பரிசீலித்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள். பழங்குடிச் சிறுமிகளின் பெற்றோரிடம் கேட்காமலே போட்ட ஊசி என்ற பெயர் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது; அந்தக் கோபம் நியாயமானதும்கூட. 2018-இல் சிக்கிம் முன்கூட்டியே தலைமை ஆசிரியர்கள், பெற்றோர், செய்தியாளர்களிடம் பேசிவிட்டுத் தொடங்கி, 95 சதவீதத்துக்கு மேல் எட்டியது.

நீங்கள் பள்ளியில் ஊசி முகாம் நடத்துவதானால், அங்கே வழக்கமாகக் கோளாறாவது மயக்கம். இந்த வயதினருக்கு எந்த ஊசி போட்டாலும் பதற்றத்தில் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்த்தால் அடுத்தடுத்து விழுவார்கள். அதனால் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், உட்கார வைத்துப் போடுங்கள், போடும் இடத்தைத் திரையிட்டு மறையுங்கள், போட்டபின் 15 நிமிடம் வேறு அறையில் உட்கார வையுங்கள். கொலம்பியாவின் கார்மென் தே பொலிவார் ஊரில் 2014-இல் நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்கு மயக்கமும் மரமரப்பும் வந்தபோது, கூட்டு மனப்பிரமை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மருத்துவ விளக்கம் சரியாகவே இருக்கலாம். பிள்ளையை மருத்துவமனையில் வைத்திருக்கும் தாய்க்கு அது அவமானமாகத்தான் கேட்கும். நாடு முழுக்க ஊசி போடுவது படுத்துவிட்டது.

எல்லா ஊரிலும் பெற்றோர் கேட்பது, "இது உடலுறவில் பரவும் கிருமியாமே, சின்னப் பிள்ளைக்கு எதற்கு?" மழுப்பாதீர்கள்; இன்று மறைத்தால் நாளை கைபேசியில் படித்துவிட்டுச் சந்தேகப்படுவார்கள். ஆமாம், அப்படித்தான் பரவுகிறது. ஏற்கெனவே தொற்றிய கிருமியை இந்த ஊசி விரட்டாது, அதனால் முன்பே போட வேண்டும். 9 முதல் 14 வயதில் எதிர்ப்புச் சக்தியும் வலுவாக உருவாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் 20 வயது வரை ஒரே டோஸையும் ஏற்கிறது, எச்.ஐ.வி போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் டோஸ். புற்றுநோய் உண்டாக்கும் எல்லா வகைகளையும் இந்த ஊசி தடுப்பதில்லை என்பதால், போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.