ஊசி போட்டும் எழுத்து தெரியலை, நிறுத்திடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கண்புரை ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டது. இப்போது இடது கண்ணில் நடுவில் மட்டும் கறுப்பாக மறைக்கிறது. வயதால் வரும் மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது), இடதில் ஈர வகை, வலதில் உலர் வகை என்கிறார் டாக்டர். 3 ஊசி போட்டும் எழுத்து தெரியவில்லை. நிறுத்திவிட்டு மாத்திரை, கீரை என்று பார்த்துக்கொள்ளலாமா? முழுக் குருடாகிவிடுவேனோ என்று அழுகிறார்.
- வாசகி, தேனி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும், அந்தக் கசிவை அடக்கத்தான் ஊசி, அதன் வேகம் சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தழும்பு விழுந்த இடத்தில் பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய விஷயம். எழுத்து தெரிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் வற்றியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். வற்றியிருந்தால் ஊசிக்கு ஊசி இடைவெளியைக் கூட்டலாம். செலவுதான் கவலை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெவசிசுமாப் என்ற மருந்து மற்றவற்றைவிட மிகக் குறைந்த விலை, உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஊசிக்குப் பின் வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் அன்றைக்கே ஓடுங்கள்.

மாத்திரை இடது கண்ணுக்கு ஊசியின் மாற்று அல்ல. லூட்டீன், துத்தநாகம், வைட்டமின் சி, இ சேர்ந்த ஏரெட்ஸ் 2 மாத்திரை, வலது கண்ணில் நோய் முற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதையும் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் மாத்திரையில் உள்ள அளவு துத்தநாகம் முருங்கைக்கீரைப் பொரியலில் கிடைக்காது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அம்மா பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம் வலது கண். உலர் வகை எப்போது வேண்டுமானாலும் ஈரமாக மாறலாம். தினமும் காலையில் கண்ணாடி போட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

முழுக் குருடாக்கும் நோய் இல்லை இது. நடுப்பார்வைதான் அடிபடும், ஓரப்பார்வை பொதுவாக நிற்கும், வீட்டுக்குள் நடமாடலாம். படிக்க உருப்பெருக்கி, நல்ல வெளிச்சமுள்ள மேசை விளக்கு வாங்கிக் கொடுங்கள். ஒருவேளை இல்லாத பூக்களோ ஆட்களோ தெரிவதாக அம்மா சொன்னால் பேய், பைத்தியம் என்று பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், பார்வை குறைந்தவர்களுக்கு மூளை காட்டும் வேடிக்கையாக இருக்கலாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.