கமரா நிறுவனங்கள் தூதர்களைத் தெரிவு செய்வதில் இனம் ஏன் பேசப்படுகிறது?

தூதர் என்றால் கமரா நிறுவனமொன்றின் முகமாக நிற்கும் படப்பிடிப்பாளர். புதுக் கமரா, மேடை, பெயர் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். தெரிவு செய்பவர்கள் தமக்குப் பழகிய வட்டத்துக்குள்ளேயே தேடினால் ஒரே மாதிரி ஆட்கள்தான் அகப்படுவார்கள். உப்புவெளியில் மட்டும் கரைவலை இழுத்துவிட்டு, திருகோணமலைக் கடலில் இவ்வளவு மீன்தான் என்பது போல. 2017இல் நிக்கோன் டி850 கமராவுக்காக ஆசியா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கிலிருந்து 32 பேரைத் தெரிவு செய்தார்கள். ஒரு பெண்கூட இல்லை! இனத்திலும் இதேதான் நடக்கும். அப்புறம், கருந்தோலுக்கு ஒளி வைக்கத் தெரிந்த நம் கலியாணவீட்டுப் படப்பிடிப்பாளரின் அனுபவம் யாரையும் போய்ச் சேராது.

"அப்போ திறமை வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், யாருடைய படங்களை எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.